மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு ஆடை அலங்கார நிகழ்ச்சி: கும்பகோணத்தில் எப்படி நடத்தலாம்?

அரசலாறு:

இந்த இணைய மன்றத்தில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்தில் ஆடை வடிவமைப்பு இறுதி ஆண்டு படிக்கும் மாணவி. இந்த அக்டோபரில் எங்கள் துறை சார்பில் ஓர் ஆடை அலங்கார நிகழ்ச்சி நடத்தி, டிக்கெட்டில் வரும் பணத்தை மார்பகப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். திருபுவனம் பட்டு, கூறைநாட்டுக் கட்டம் போட்ட புடவை இரண்டையும் வைத்து இளஞ்சிவப்பில் இருபது உடைகள் செய்யத் திட்டம்.

யோசனை வந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் ஃபேஷன் பகுதி ஆசிரியர் நீனா ஹைட் 1990-ல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அவருக்கு நண்பரான ஆடை வடிவமைப்பாளர் ரால்ஃப் லாரன் குறிவட்டம் போட்ட ஒரு டி-சர்ட்டை வடிவமைத்தார். அதை வைத்து 1994-ல் அமெரிக்க வடிவமைப்பாளர் சங்கம் ஓர் இயக்கமே தொடங்கியது. அதேபோல் பெண்களுக்கும் மாரடைப்பு வரும் என்பதைச் சொல்ல 2002-ல் அங்கே சிவப்பு கவுனை அடையாளமாக எடுத்தார்கள். அடுத்த ஆண்டே நியூயார்க் ஃபேஷன் வாரத்தில் சிவப்பு உடைகளுக்கென்று தனி அணிவகுப்பு நடந்தது. ஒரு சட்டையும் ஒரு கவுனும் இவ்வளவு பேச வைக்கும் என்றால், புடவையால் நம் ஊரில் முடியாதா?

பணத்தை யாரிடம் கொடுப்பது, விஷயம் கிராமம் வரை போக என்ன செய்வது, இரண்டுக்கும் யோசனை வேண்டும்.

திருவாரூர்_செவிலி:

தங்கச்சி, மனசு நிறைந்து வாழ்த்துகிறேன். ஆனால் ஒரு கேள்வி. டிக்கெட் வாங்கி உங்கள் நிகழ்ச்சிக்கு வருவது யார்? கல்லூரிப் பிள்ளைகள், கடைத்தெரு முதலாளிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள். எங்களிடம் கட்டி முற்றிப் புண்ணாகி வருகிற அம்மாக்கள் அங்கே வரமாட்டார்கள். நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள் அவர்கள். "வலிக்கலையே, அதனால விட்டுட்டேன்" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ஆரம்பத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. அந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் பாதிப் பேர் தாமதமாக வருகிறார்கள்.

2022-ல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாகவும், சுமார் 98 ஆயிரம் பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிடுகிறது. இத்தனை பேர் இறக்க வேண்டிய நோய் இல்லை இது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து ஒரு ஆய்வு செய்து, 2021-ல் முடிவை வெளியிட்டது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள், அவ்வளவுதான். மெஷின் கிடையாது. நோய் முன்கூட்டியே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டிய பெண்களில் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதே கைப் பரிசோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசமாக இருக்கிறது. அங்கே வரவழைப்பதுதான் பாடு. உங்கள் உடை அதைச் செய்யுமா என்று யோசியுங்கள்.

கொள்ளிடத்தான்:

இளஞ்சிவப்பு ரிப்பன் எங்கிருந்து வந்தது என்று இந்தப் பெண் தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்காவில் சார்லட் ஹேலி என்று ஒரு பெண்மணி. அவர் குடும்பத்தில் பாட்டி, சகோதரி, மகள் மூவருக்குமே மார்பகப் புற்றுநோய். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பீச் பழ நிறத்தில் ரிப்பன் கத்தரித்து, ஐந்தைந்தாக ஓர் அட்டையில் குத்தி ஊர் முழுக்கக் கொடுத்தார். 'தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஆண்டு நிதி 180 கோடி டாலர், அதில் நோய்த் தடுப்புக்குப் போவது 5 சதவீதம்தான், இதைப் போட்டுக்கொண்டு நம் சட்டமன்றக்காரர்களை விழிக்க வையுங்கள்' என்ற பொருளில் அந்த அட்டையில் அச்சடித்திருந்தார். 1992-ல் ஒரு பெண்கள் பத்திரிகையும் ஒரு பெரிய அழகுசாதன நிறுவனமும் சேர்ந்து அந்த ரிப்பனைக் கேட்டன. இது வியாபாரமாகிவிடும் என்று அவர் மறுத்துவிட்டார். வக்கீலைக் கேட்டு நிறத்தை மாற்றினார்கள். அப்படி வந்ததுதான் இளஞ்சிவப்பு.

ரிப்பன் உலகம் முழுக்கப் போனது, நல்லதும் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அட்டையில் இருந்த வாசகம் காணாமல் போய்விட்டது. நிறம் மட்டும் மிஞ்சியது. உங்கள் இருபது உடையும் அப்படி ஆகக் கூடாது. ஒவ்வொரு உடையும் ஒரு தகவலையாவது சுமக்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மண்டப வாடகை, ஒளி அமைப்பு, மேக்கப், சாப்பாடு எல்லாம் போக மிச்சம்தான் நோயாளிக்கு என்றால், பல இடங்களில் மிச்சம் என்று ஒன்று இருப்பதே இல்லை. டெல்டாவில் இப்படி நடந்த ஒரு நிகழ்ச்சியில் நானே தன்னார்வலராக நின்றேன். கடைசி வரை கணக்கு காட்டவில்லை. செலவுக்குத் தனியாகப் புரவலர் பிடியுங்கள், டிக்கெட் பணம் முழுவதும் நோயாளிக்கு என்று டிக்கெட்டிலேயே அச்சடியுங்கள்.

ஊசிநூல்:

பாப்பா, நான் பாபநாசம் பக்கம் பெண்களுக்கு மட்டும் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். செவிலி அக்கா கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் மார்பளவை வருஷா வருஷம் எழுதி வைத்திருக்கும் ஆள் டாக்டர் இல்லை. நாங்கள்தான். தீபாவளிக்கு, பொங்கலுக்கு, வீட்டில் விசேஷம் என்றால் கட்டாயம் வருவார்கள். புருஷனிடமும் மாமியாரிடமும் சொல்லாததை எங்களிடம் சொல்வார்கள், ஏனென்றால் ரவிக்கை பிடிக்கிறதா தளர்வாக இருக்கிறதா என்று சொல்லித்தானே ஆக வேண்டும்? "இடது பக்கம் மட்டும் இறுக்குது, போன வருஷம் இப்படி இல்ல" என்று ஒரு அம்மா சொன்னால் அது தையல் குறையாக இருக்கலாம், உடம்பு பெருத்ததாக இருக்கலாம், வேறு ஒன்றாகவும் இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவாக யாருக்குமே இருக்காது, அது இயற்கை. புதிதாக மாறியது என்றால் மட்டும்தான் கவனிக்க வேண்டும். அந்த மாற்றத்தை முதலில் கேட்கிற காது எங்களுடையது.

அதனால் உங்கள் விழிப்புணர்வு மேடையில் ஆரம்பிக்கட்டும், ஆனால் தையல் கடைக்கு வந்து சேரட்டும். தைத்த ரவிக்கையை மடித்துக் கவரில் போடும்போது ஒரு சின்ன அட்டையும் உள்ளே போகட்டும். ஆண்கள் கண்ணில் படாது, அவள் தனியாக இருக்கும்போது பிரிப்பாள்.

அப்புறம் ஆபரேஷன் முடிந்தவர்களுக்கான தையல். இதைத்தான் உங்களைப் போன்ற படித்த பிள்ளைகள் கையில் எடுக்க வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தைத்துத் தைத்துத்தான் கற்றோம். மார்பை எடுத்த பக்கம் பஞ்சு மட்டும் வைத்தால் எடை இருக்காது. ரவிக்கை அந்தப் பக்கம் மேலே ஏறும், கழுத்து மறுபக்கம் இழுக்கும், தோள் இறங்கும். புடவை முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே லைனிங்குக்கும் மேல் துணிக்கும் நடுவே ஒரு பை வேண்டும், அதன் வாய் அக்குள் பக்கம் இருக்க வேண்டும், மார்புக்குப் பதிலாக அதற்குள் வைக்கும் அணைக்கு மறுபக்கத்துக்கு ஈடான எடை வேண்டும். சிலிக்கான் அணை விலை அதிகம், நம் சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும். என்னிடம் வரும் ஒரு அம்மா பருத்தித் துணியில் சிறுதானியம் நிரப்பிச் சின்னத் தலையணை மாதிரி வைத்துக்கொள்கிறார். எடை சரியாக வருகிறது, ஆனால் துவைக்க முடியாது, வண்டு வைக்கிறது. இதற்கு ஒரு வழி கண்டுபிடியுங்கள், அதுதான் வடிவமைப்பு.

கொக்கி முன்னால் வர வேண்டும், கையைப் பின்னால் கொண்டுபோக முடியாது. தழும்பு போகிற இடத்தில் டாட், அதாவது துணியை மடித்துப் பிடிக்கிற தையல், பிடிக்கக் கூடாது. கழுத்து ஒரு விரல் ஏற்றம். கேன்வாஸ் வேண்டவே வேண்டாம். துணி ரூபியா போல மெல்லிய பருத்தி. கைச் சுற்று கட்டாயம் தளர்வு.

வெண்ணாறு:

ஊசிநூல் அக்கா எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இங்கே கணக்கு தொடங்கினேன். நான் மன்னார்குடி பக்கம். எனக்கு ஆபரேஷன் ஆகிச் சில வருஷம் ஆகிறது, வேலைக்குப் போகிறேன், நன்றாக இருக்கிறேன்.

கைச் சுற்று தளர்வு என்று எழுதியிருக்கிறீர்களே, அதன் அருமை எனக்குத் தெரியும். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்ததால் எனக்குக் கை வீங்கும். பழைய ரவிக்கை எதுவும் முழங்கைக்கு மேல் ஏறவில்லை. தெருவில் ஒருவர் "கையில யானைக்கால் வந்திருக்கா" என்று கேட்டார். நம் பக்கம் அந்த நோயைப் பார்த்த ஊர், அதனால் அப்படித்தான் நினைப்பார்கள். ரொம்ப நாள் நான் கல்யாணம் காட்சிக்கே போகவில்லை. கடைசியில் ஒரு தையல்கார அம்மா ரவிக்கைக் கையில் அக்குளிலிருந்து ஒரு முக்கோணத் துண்டு சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். அந்த ரவிக்கையோடுதான் என் அண்ணன் மகள் கல்யாணத்தில் நின்றேன்.

ஒரு வேண்டுகோள். எங்களைப் போன்றவர்களை மேடையில் நடக்க வைக்கலாம் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். வருகிறோமா என்று தனியாகக் கேளுங்கள், பெயர் சொல்லலாமா, படம் எடுக்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நான் நடப்பேன். நான் போட்டிருக்கும் ரவிக்கையைப் பற்றிப் பேசுவேன். ஆனால் "போராளி" என்று அறிவித்து அழுகிற இசை போட்டால் இறங்கிப் போய்விடுவேன்.

பட்டுத்தறி:

நான் திருபுவனத்தில் தறி போடுகிறவன். பட்டை வைத்து உடை செய்வதாக எழுதியிருந்தீர்கள், அதற்காக வந்தேன்.

அம்மா, கதிர்வீச்சு சிகிச்சை எடுத்த தோலில் ஜரிகை படவே கூடாது. என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன், சாதாரண நைலான் ஓரம் பட்டாலே எரிகிறது என்று துடிப்பார்கள். அதனால் நோயாளிக்கான உடையில் பட்டு வேண்டாம். பட்டை ஏலத்துக்கு வையுங்கள். விசிறி மடிப்பாக மடித்த திருபுவனம் புடவையை மேடையில் விரித்துக் காட்டி ஏலம் விட்டால், டிக்கெட்டில் வருவதை விட அதிகம் வரும். கல்யாண வீட்டுக்காரர்கள் எப்படியும் வாங்கப் போகிற பொருள்தானே? நெசவாளி கூலியை முதலில் எடுத்து வைத்துவிட்டு, கடைக்காரருக்குப் போகிற லாபத்தை மட்டும் தர்மத்துக்குத் திருப்புங்கள். தர்மம் என்று சொல்லி நெசவாளி கூலியில் கை வைக்கும் வழக்கமும் இருக்கிறது, அதை மட்டும் செய்யாதீர்கள்.

உடம்பில் படுகிற துணிக்குக் கைத்தறிப் பருத்திதான் சரி. எண்ணிக்கை கூடின நூல், கஞ்சி குறைவாக. நானே விசாரித்துச் சொல்கிறேன்.

திருவையாறு_வாசகி:

சந்தேகம் ஒன்று. இறுக்கமான பிரா, கருப்பு பிரா போட்டால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே. இதையும் நிகழ்ச்சியில் சொல்லலாமா?

திருவாரூர்_செவிலி:

சொல்லாதீர்கள், அது உண்மை இல்லை. அமெரிக்காவில் சியாட்டிலில் மாதவிடாய் நின்ற ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களிடம் எந்த வயதில் பிரா போட ஆரம்பித்தீர்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், கம்பி வைத்ததா என்றெல்லாம் கேட்டு 2014-ல் வெளியிட்டார்கள். எந்தத் தொடர்பும் இல்லை. நிறத்துக்கும் நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இது மாதிரி பேச்சு பெண்களைக் குற்றவாளி ஆக்குகிறது, "நீ போட்ட உடைதான் காரணம்" என்று. ஆண்களுக்கும் இந்த நோய் வருகிறது, நோய் வந்தவர்களில் நூற்றில் ஒருவர் போல.

வெண்ணாறு, உங்கள் கை வீக்கமும் யானைக்காலும் பார்க்க ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டிலும் நிணநீர் போகிற வழி அடைபடுகிறது. அங்கே கொசு கொண்டுவருகிற புழு காரணம், உங்களுக்கு நெறிக்கட்டி எடுத்தது காரணம். கையில் காயம் படாமல் பாருங்கள், வயலில் இறங்கினால் கையுறை போடுங்கள். திடீரென்று சிவந்து சுடுகிறது என்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

நீடாமங்கலம்:

எனக்கு இதில் ஒரு தயக்கம். தையல் கடையில் போய் நோயைப் பற்றிப் பேசினால் பெண்கள் பயந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். தையல்காரர் வைத்தியம் பார்க்கிற மாதிரி ஆகிவிடாதா?

கொள்ளிடத்தான்:

நியாயமான தயக்கம். ஆனால் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின ஆண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறார்கள் என்று, அவர்கள் தவறாமல் போகும் முடிதிருத்தும் கடைகளைப் பிடித்தார்கள். கடைக்காரர் ரத்த அழுத்தம் பற்றிப் பேச்செடுப்பார், மருந்தாளுநர் கடைக்கே வந்து மாத்திரை கொடுத்துக் கவனிப்பார். 52 கடைகள், 319 பேர். ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. டாக்டரைப் பாருங்கள் என்று கடைக்காரர் சொல்லி மட்டும் அனுப்பியவர்களுக்கு 9 புள்ளிதான். 2018-ல் வெளிவந்தது.

இதில் நமக்குப் பாடம் இரண்டாவது எண்ணில் இருக்கிறது. பேச்சு மட்டும் போதாது, மருத்துவம் தெரிந்த ஆள் கடை வரை வர வேண்டும். செவிலி அக்கா போன்றவர்கள் மாதம் ஒருநாள் தையல் கடைகள் இருக்கும் தெருவுக்கு வந்து உட்கார முடியுமா?

ஊசிநூல்:

நீடாமங்கலம் தம்பி, நாங்கள் தொட்டுப் பார்க்கப் போவதில்லை, நோய்ப் பெயர் சொல்லப் போவதில்லை. "இந்தப் பக்கம் மாத்தம் இருக்குன்னு நீங்களே சொல்றீங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸ் அக்காகிட்ட ஒரு தடவ காட்டிடுங்க, காசு கேக்க மாட்டாங்க." இவ்வளவுதான். இப்படிப் பேசினதால் என் கடையை விட்டுப் போனவர் யாரும் இல்லை. திரும்பி வந்து நன்றி சொன்னவர்கள் உண்டு.

திருவாரூர்_செவிலி:

தையல் கடைத் தெருவுக்கு நாங்கள் வரலாம். எங்கள் பக்கம் வட்டார மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேட்க வேண்டும், எழுத்தில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்த பிறகு வீடு வீடாகப் போகிற பெண் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் தையல் கடைகளையும் அறிமுகப்படுத்தி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

அரசலாறு:

எல்லோர் எழுதியதையும் துறைத் தலைவரிடம் அச்செடுத்துக் கொடுத்தேன். திட்டம் மாறிவிட்டது. இருபது உடையில் பன்னிரண்டு, சிகிச்சையில் இருப்பவர்களும் முடித்தவர்களும் அன்றாடம் போடுகிற உடைகள்: பை வைத்த ரவிக்கை, முன்பக்கம் முழுக்கத் திறக்கும் நைட்டி, முக்கோணத் துண்டு வைத்த கை. மேடையில் உடையை வெளிப்பக்கம் மட்டும் காட்டாமல் உள்பக்கத்தையும் பிரித்துக் காட்டுவோம். வெட்டும் அளவுகளைத் தாள் மாதிரியாக எந்தத் தையல்காரரும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாகக் கொடுப்போம். மிச்ச எட்டும் திருபுவனம், கூறைநாடு. அவை ஏலத்துக்கு.

அணைக்குள் என்ன நிரப்புவது என்று இரண்டு தோழிகள் தனியாக வேலை செய்கிறார்கள். உறையைக் கழற்றித் துவைக்கும்படியும் எடைப் பொட்டலம் தனியாக இருக்கும்படியும் முயல்கிறோம். வெண்ணாறு அக்கா, உங்களுக்கு விருப்பமிருந்தால் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பணம் எதற்குக் கொடுப்பது என்பதில்தான் இன்னும் தெளிவில்லை. முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சையே கிடைக்கிறது என்கிறார்களே?

வெண்ணாறு:

சிகிச்சை கிடைக்கிறது, உண்மை. மிச்சம் எல்லாம் கைக்காசு. மகளிருக்கு இலவசப் பயணம் நகரப் பேருந்தில்தான். தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போகிற வெளியூர்ப் பேருந்தில் டிக்கெட் எடுக்க வேண்டும், கூட வருகிறவருக்கும் எடுக்க வேண்டும், அவருக்கு அன்றைய கூலியும் போய்விடும். கதிர்வீச்சு என்றால் வாரத்தில் ஐந்து நாள், பல வாரம். பாதியில் நிறுத்திவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நோய் குணமாகிவிட்டது என்று அவர்கள் நிற்கவில்லை, பஸ் காசுக்கு வழியில்லாமல் நின்றார்கள். பயணச் செலவுக்குக் கொடுங்கள். சென்னைக்கு ரயிலில் போகிறவர்களுக்குச் சலுகை இருப்பதையும் சொல்லுங்கள்: நோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமே கிடையாது, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் குறைவு. டாக்டரிடம் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். இது தெரியாமல் முழுக் காசு கொடுத்துப் போகிறவர்கள் எத்தனையோ பேர்.

கொள்ளிடத்தான்:

இதை அப்படியே ஏற்கிறேன். பணத்தை நேராகப் பங்கிடாமல், நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை தரும் பதிவு (80ஜி என்பார்கள்) உள்ள ஓர் அறக்கட்டளை வழியாகச் செய்யுங்கள். பழைய வரி முறையில் வரி கட்டுகிறவருக்குச் சலுகை கிடைக்கும், ஆனால் ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் சலுகை கிடையாது, காசோலை அல்லது யுபிஐ வாங்குங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் ஒரு வழி. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பிறகு பல ஆண்டுகள் முயன்று 1954-ல் தொடங்கியது அது. நம் பக்கத்து நோயாளிகள் அங்கேயும் போகிறார்கள்.

பட்டுத்தறி:

தேதியைப் பற்றி யாரும் பேசவில்லை. அக்டோபரில் மழை பிடித்துவிடும், தீபாவளி நெருக்கத்தில் தையல்காரர் யாரும் தலை நிமிர மாட்டார்கள், விவசாயி கையில் காசும் இருக்காது. ஏலத்தை மாசியில் வையுங்கள். சம்பா அறுப்பு முடிந்திருக்கும், கல்யாணத்துக்குப் புடவை எடுக்கிற நேரம்.

ஊசிநூல்:

ஐயா சொல்வது சரி. ஆனால் அட்டை தீபாவளிக்கு முன்னாலேயே வந்துவிட வேண்டும். வருஷத்திலேயே அதிக ரவிக்கை வெளியே போகிற நேரம் அதுதான்.

அரசலாறு:

அப்படியானால் அட்டை புரட்டாசியில், நிகழ்ச்சியும் ஏலமும் மாசியில். துறையில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அட்டை வாசகம் இது, திருத்துங்கள்:

"குளிக்கும்போது மார்பில் வலியில்லாத கட்டி, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் ரத்தம் அல்லது நீர், தோல் குழி விழுதல், ஒரு பக்க அளவு புதிதாக மாறுதல் இவற்றில் ஏதாவது இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். பரிசோதனை இலவசம். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல."

திருவாரூர்_செவிலி:

கடைசி வரியை முதலில் கொண்டு வாருங்கள், அப்போதுதான் பயப்படாமல் மேலே படிப்பாள். அக்குளில் கட்டி என்பதையும் சேருங்கள். "காட்டுங்கள்" என்பதற்கு முன்னால் "இரண்டு வாரத்துக்குள்" என்று போடுங்கள், இல்லாவிட்டால் அறுப்பு முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போடுவார்கள். எங்கள் நிலையத்தில் பெண் டாக்டர் இருக்கும் கிழமையை எழுத ஒரு காலி இடம் விடுங்கள், ஊருக்கு ஊர் மாறும்.

ஊசிநூல்:

எழுத்தைப் பெரிதாகப் போடு பாப்பா, ரவிக்கைக் கவருக்குள் நுழைகிற அளவில் தடித்த தாளாக இருக்கட்டும். பாபநாசம், அய்யம்பேட்டை கடைகளுக்கு நான் பிரித்துக் கொடுக்கிறேன். முதலில் எனக்கு ஐந்நூறு அனுப்பு.